'எல்லை' என்ற கருத்து கணிதம், இயற்பியல், சமூகவியல், மொழியியல் எல்லாவற்றிலும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பெயர்தான் ஒன்று, வேலை வேறு. ஆனால் எந்தத் துறையாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் போதும்: கோட்டின் மேலேயே இருப்பது எந்தப் பக்கத்துக்குச் சொந்தம்? இதற்கு ஒரு துறை என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்த்தால், அங்கே எல்லை எதற்குப் பயன்படுகிறது என்பது பிடிபட்டுவிடும்.

அதற்கு முன் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். நம் பள்ளிக் கணிதப் புத்தகங்களில் 'எல்லை' என்றால் ஒரு சார்பு நெருங்கிக்கொண்டே போகும் மதிப்பு. வட்டத்தின் ஓரம் என்ற பொருளில் வரும் எல்லை முற்றிலும் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு, நாம் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறோம். இந்தப் பதிலில் எல்லை என்றால் ஓரம் மட்டும்தான்.

வயலில் இருந்து தொடங்கலாம். சர்வே கோட்டுக்கு அகலம் கிடையாது, வரப்புக்கு உண்டு. இரண்டு அடி அகலம், 300 அடி நீளம் உள்ள வரப்பு 600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 1.38 சென்ட் நிலம். ஒரு பக்கத்துக்காரர் அண்டை வெட்டும்போது ஆண்டுக்கு அரை அங்குலம் கூடுதலாகச் சீவினால் 20 ஆண்டில் 10 அங்குலம் போய்விடும். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும், வரப்புதான் நடந்து போயிருக்கும். சண்டை வந்த பிறகு வரப்பை அளந்து பயனில்லை. புலப்படத்தை, அதாவது நில அளவைத் துறையின் வரைபடத்தை எடுத்து, சர்வே கற்களைக் கண்டுபிடித்து, கல்லுக்குக் கல் நேர்கோடு பிடிக்க வேண்டும். புலப்படம் நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, வளைவுகளுக்கு அடிக்கோட்டிலிருந்து செங்குத்து அளவுகளைத் தரும். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி. அதை அடி என்று படித்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மடங்காகிவிடும்.

பத்திரத்தின் செக்குபந்தியிலும், அதாவது நான்கு பக்க எல்லை விவரத்திலும், ஒரு பொறி இருக்கிறது. 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று எழுதியிருந்தால் நம் நிலம் அவர் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது அவர் நமக்கு மேற்கே இருக்கிறார் என்று பொருள். 'கிழக்கில்: இன்னார் நிலம்' என்று எழுதியிருந்தால் அப்படியே தலைகீழ். இரண்டு பாணியும் புழக்கத்தில் இருப்பதால் படம் போடும்போது நான்கு பக்கமும் புரண்டுவிடும். பத்திரத்தில் சொன்ன பரப்பும் நான்கெல்லையும் ஒத்துப்போகாவிட்டால், எல்லைகள் தெளிவாகவும் தரையில் அடையாளம் காணும்படியும் இருக்கும்பட்சத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை தருகின்றன. காரணம் எளிது. வாங்குபவர் கண்ணால் பார்ப்பது எல்லையை. பரப்பு அதிலிருந்து கணக்கிட்ட எண்.

கணிதம் எல்லையையும் உரிமையையும் கத்தரித்துப் பிரித்துவிடுகிறது. ஒரு புள்ளியைச் சுற்றி எவ்வளவு சிறிய வட்டம் போட்டாலும் அதற்குள் உள்ளேயிருப்பதும் வெளியேயிருப்பதும் வந்துவிட்டால் அது எல்லைப் புள்ளி. 0 முதல் 1 வரையுள்ள எண்களில் முனைகள் இரண்டையும் சேர்த்தாலும் விட்டாலும் எல்லை அதே 0, 1 என்ற இரண்டு புள்ளிகள்தான். புள்ளி யாருக்குச் சொந்தம் என்பது தனிக் கேள்வி. இந்த வரையறையை நேர்மையாகப் பின்பற்றினால் விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்வோம்: விகிதமுறு எண்களின், அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்களின், எல்லை எண்கோடு முழுவதும். எங்கே தொட்டாலும் உள்ளும் வெளியும் கலந்தே கிடப்பதால், எல்லை மெல்லியது என்ற நம் பழக்கம் இங்கே செல்லாது.

கணிதத்துக்குள்ளேயே இரண்டு எல்லைகள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தளத்தில் வரைந்த வட்டக்கோட்டை ஒரு புள்ளிக் கணமாகப் பார்த்தால் அதன் எல்லை அந்தக் கோடேதான். அதையே தனித்த ஒரு வடிவமாக, அதன்மேல் ஊர்ந்து போகும் எறும்பின் பார்வையில் பார்த்தால் அதற்கு முனையே இல்லை, எல்லை வெற்று. 'எல்லைக்கு எல்லை கிடையாது' என்ற புகழ்பெற்ற விதி இரண்டாவது பொருளில்தான் சரி. முதல் பொருளில் அதைப் போட்டுவிட்டு விடை வரவில்லை என்று தேடுவது மாணவர்களின் வழக்கமான பிழை.

கோட்டின் மேல் இருப்பவர் யார் என்ற கேள்வி காசாக மாறும் இடம் மென்பொருள். '18 முதல் 25 வயது வரை' என்ற விதியைச் சோதிக்க 20, 22 என்றெல்லாம் கொடுத்துப் பயனில்லை. 17, 18, 25, 26 என்ற நான்கும்தான் பிழையைக் காட்டும். தேதியில் இது இன்னும் மோசம். 'மார்ச் 1 முதல் 31 வரை' என்று நேரத்துடன் பதிவான தரவில் கேட்டால், பல தரவுத்தளங்கள் 31 என்பதை அந்த நாள் பிறக்கும் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். 31ஆம் தேதி வியாபாரம் முழுவதும் காணாமல் போகும். மாத அறிக்கையில் கடைசி நாள் மட்டும் ஏறக்குறையக் காலியாக இருந்தால் முதலில் இங்கே பாருங்கள். தீர்வு: 'மார்ச் 1 அன்றோ அதற்குப் பின்னரோ, ஆனால் ஏப்ரல் 1க்கு முன்' என்று எழுதுவது. தொடக்கத்தைச் சேர், முடிவைச் சேர்க்காதே.

நிலவியலாளர்களும் கற்பாறையில் இதே தீர்வுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்த ஒற்றுமை. ஒரு காலகட்டத்தின் தொடக்கத்தை ஓர் ஊரிலும் முந்தையதன் முடிவை வேறோர் ஊரிலும் வரையறுத்தால் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத காலமோ, இருவருக்கும் சொந்தமான காலமோ வந்துவிடும். அதனால் இப்போது அடிப்பகுதி, அதாவது தொடக்கம், மட்டுமே வரையறுக்கப்படுகிறது. அடுத்த கட்டத்தின் அடிதான் முந்தையதன் முடிவு. அப்படி முதலில் ஏற்கப்பட்டது 1972இல், இன்றைய செக் நாட்டின் க்ளோங்க்கில் உள்ள சைலூரியன், டெவோனியன் என்ற இரண்டு நிலவியல் காலங்களுக்கு இடையிலான எல்லை. நாம் இப்போது வாழும் மேகாலயக் கட்டத்தின் அடி, மேகாலயாவின் மாம்லூ குகையில் வளர்ந்த ஒரு சுண்ணப் படிவுக்குள் குறிக்கப்பட்டது. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த எல்லை 2018இல் ஏற்கப்பட்டது.

கடற்கரை வேறு வகை. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டர் என்று படித்து வளர்ந்தோம். 2023-24இல் வந்த மறுகணக்கில் அது 11,098 கிலோமீட்டர். தமிழ்நாடு மட்டும் 907இல் இருந்து 1,069க்கு உயர்ந்தது. கடல் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முன்பு 45 லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள படத்தில் அளந்தார்கள், இப்போது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. நுணுக்கமான படத்தில் கழிமுகமும் ஓடையும் சின்னச் சின்ன வளைவுகளும் எல்லாம் கணக்கில் வருகின்றன. லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர் கவனித்து, கணிதவியலாளர் மாண்டல்பிராட் 1967இல் பிரிட்டனின் கடற்கரையை வைத்து விளக்கியது இதைத்தான்: அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் ஒரு முடிவான எண்ணில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். உள்ளே அடங்கும் பரப்பளவோ பெரிதாக மாறாது. எனவே இரண்டு நாடுகளின் கடற்கரை நீளத்தை ஒப்பிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது இரண்டும் ஒரே அளவுகோலில் அளந்ததா என்பதை.

எல்லைக்குத் தடிமன் உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட துறை, காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தை ஆராயும் பாய்ம இயக்கவியல். ஒரு தகட்டின் மேல் காற்று ஓடும்போது தகட்டை ஒட்டிய காற்று நகராது. கொஞ்சம் தள்ளிப் போனால் முழு வேகம். இடைப்பட்ட மெல்லிய அடுக்கில்தான் உராய்வு எல்லாம் நடக்கிறது என்று 1904இல் ஹைடல்பர்க் மாநாட்டில் லுட்விக் பிராண்டல் காட்டினார். அந்த அடுக்கு எங்கே முடிகிறது? முடிவதே இல்லை. அதனால் வெளி வேகத்தில் 99 சதவீதத்தைத் தொடும் இடம் என்று ஓர் ஒப்பந்தம். அதன்படி விநாடிக்கு 5 மீட்டர் காற்றில், 1 மீட்டர் நீளத் தகட்டின் கடைசியில் அடுக்கின் தடிமன் சுமார் 9 மில்லிமீட்டர். அவ்வளவு வேகமாகச் சுற்றும் மின்விசிறி இறக்கையில் தூசி ஒட்டிக்கொண்டே இருப்பதற்கும் இது ஒரு காரணம். இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடேயே சுற்றுவதால் நுண் தூசியை வாரிப் போக அங்கே வேகம் இல்லை.

இந்தத் துறையில் இன்னோர் எல்லையும் உண்டு: கணினியில் காற்றோட்டத்தைக் கணக்கிடும்போது நாமே போடும் பெட்டி. கட்டிடத்தைச் சுற்றிய காற்றுக்கு, காற்று வரும் பக்கம், இரு பக்கவாட்டு, மேல்புறம் ஆகியவற்றில் கட்டிட உயரத்தைப் போல் 5 மடங்கும், பின்புறம் 15 மடங்கும் இடம் விடுவது பரவலான நடைமுறை. பின்புறத்தைச் சுருக்கினால் கட்டிடத்துக்குப் பின்னால் உருவாகும் சுழல், காற்று வெளியேறும் எல்லையில் முட்டும், காற்று வெளியே இருந்து உள்ளே திரும்பும், விடை பார்க்க அழகாக இருக்கும், தவறாகவும் இருக்கும்.

உயிரணுவின் சவ்வு வெறும் 5 நானோமீட்டர். நரம்பணுவில் அதன் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட். சிறிதாகத் தோன்றும், ஆனால் அந்தத் தடிமனுக்கு அது மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட் என்ற புலம். மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டிலேயே காற்றில் பொறி பறந்துவிடும். அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனியை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புகள் ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கின்றன. வரப்பைப் போலவே, பராமரிக்காவிட்டால் இந்த எல்லையும் நிற்காது.

வெப்ப இயக்கவியலின் எல்லை இயற்கையில் எங்கும் கிடையாது. கணக்குப் போடுபவர் கோடு கிழித்துக்கொள்கிறார். மூடிய அறையில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டால் உள்ளிருந்து எடுப்பது, பின்னால் விடுவது என்று கணக்கு நீளும். அறையைச் சுற்றிப் போட்டால் கோட்டைக் கடந்து உள்ளே வருவது மின்கம்பி மட்டும். 150 வாட் உள்ளே வருகிறது, எதுவும் வெளியே போகவில்லை, அறை சூடாகும். முடிந்தது. நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் இப்படித்தான் கோடு கிழிக்கிறார்கள், ஆனால் அங்கே அது அரசியல். சொந்தச் சாப்பாட்டுக்கு விளைத்த நெல் கோட்டுக்கு உள்ளே, அந்த அரிசியைச் சமைக்கும் வீட்டுப் பெண்ணின் உழைப்பு வெளியே. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரு கற்பனை வாடகை போட்டு அதையும் உள்ளே சேர்க்கிறார்கள்.

தொகுதி எல்லையின் விளையாட்டுக்கு 15 வாக்காளர்களே போதும். 'அ' கட்சிக்கு 9, 'ஆ' கட்சிக்கு 6 என்று வையுங்கள், மூன்று தொகுதிகள். ஒவ்வொன்றிலும் 3-2 என்று பிரித்தால் மூன்றும் 'அ'வுக்கு. ஒரு தொகுதியில் 'அ' ஆட்களில் ஐவரை அடைத்துவிட்டு மற்ற இரண்டில் 2-3 என்று வைத்தால் 'ஆ'வுக்கு இரண்டு. ஓட்டு ஒன்றுகூட மாறவில்லை.

மானிடவியலில் திருப்பம் 1969இல் ஃப்ரெட்ரிக் பார்த் தொகுத்த கட்டுரைகளோடு வந்தது. இனக்குழுவை உடை, உணவு, பாட்டு என்று உள்ளடக்கத்தை வைத்து வரையறுப்பதை விட்டு, எல்லையை எப்படிக் காக்கிறார்கள் என்று பாருங்கள் என்றார். ஆட்கள் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் எல்லை அப்படியே நிற்கிறது. சவ்வைப் போல் என்று இங்கே சொல்லத் தோன்றும். அந்த ஒப்புமையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. சவ்வுக்கு யார் உள்ளே, யார் வெளியே என்ற கருத்து கிடையாது, மனிதர்களுக்கு அந்தக் கருத்துதான் எல்லையே.

மொழியிலோ எல்லையில் இருப்பது இரு பக்கத்துக்கும் சொந்தம். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். நடுவில் உள்ள 'ற்' நிலைமொழியின் ஈறு, ஆனால் வருமொழியின் முதலெழுத்தால் உருமாறியது. நம் புணர்ச்சி இலக்கணம் முழுவதும் சொல் எல்லையைப் பற்றிய ஆய்வுதான். தேடுபொறியில் இது நேரடியாக அடிபடும்: 'குடம்' என்று தேடினால் பொற்குடம் கிடைக்கலாம், 'பொன்' என்று தேடினால் கிடைக்காது. எழுத்து எல்லையிலும் அப்படியே. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறியீடு, ஏனென்றால் இகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். நான்கு குறியீட்டோடு வெட்டும் நிரல் 'தமிழ' என்று காட்டும், இரண்டோடு வெட்டினால் 'தம' என்று நிற்கும். பெயர்களைச் சுருக்கிக் காட்டும் செயலிகளில் கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் தொலைந்திருந்தால், குறியீட்டை எண்ணாமல் எழுத்துக் கொத்தை எண்ணி வெட்டும்படி நிரலை மாற்ற வேண்டும்.