பரிக்ரமா முடிக்காவிட்டால் யாத்திரை குறையா?

வணக்கம் நண்பரே. 67 வயது அம்மா, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கயிலாயம் போயே ஆகவேண்டும் என்கிறார், சுற்றி வராவிட்டால் பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

முழுச் சுற்று 52 கி.மீ., மூன்று நாள். இரண்டாம் நாள்தான் சோதனை: டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். குதிரை கிடைக்கும், ஆனால் இறக்கத்தில் பெரும்பாலும் இறங்கி நடக்கச் சொல்வார்கள். கற்பாறைச் சரிவு, முழங்காலுக்கு அதுதான் எமன்.

மானசரோவரும் சும்மா இல்லை, சுமார் 4,590 மீட்டர். என் சித்தி ராத்திரி முழுக்கத் தலைவலியில் உட்கார்ந்தே இருந்தார். விடிந்ததும் குடத்தில் ஏரித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டபிறகுதான் முகத்தில் சிரிப்பு. இப்போது ஏரிக்குள் இறங்கிக் குளிக்க விடுவதில்லை, அதையும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பரிக்ரமா தொடங்கும் இடமான யமத்துவாரம் வரை வண்டி போகும். அங்கிருந்தே மலை நன்றாகத் தெரியும், அதோடு திரும்பிவிடலாம். திபெத்திய பௌத்தர்கள் வலமாகவும் திபெத்தின் பழைய சமயமான ‘பொன்’ (Bon) சமயத்தார் இடமாகவும் சுற்றும் மலை அது. உச்சியை யாருமே மிதிப்பதில்லை.

பலன் பற்றி: அப்பர் நடந்து, தவழ்ந்து, உருண்டும் கயிலை சேரவில்லை. திருவையாற்றில்தானே காட்சி கிடைத்தது? அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், என் சித்தி இதற்குத்தான் மசிந்தார். முதலில் இதய, நுரையீரல் பரிசோதனையை முடியுங்கள்.