ஐப்பசி மழையிலும் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பூ நிற்க வேண்டுமா? மலையக வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விதைப் பக்கெட்டில் 'இலையுதிர் காலத்தில் பூக்கும்' என்று இருக்கிறது. இங்கே எந்த மாதம் விதைப்பது? (தலவாக்கலை)

நமக்கு இலையுதிர் காலம் இல்லை. பகல் நீளமும் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள்தான் கூடிக் குறையும். இங்கே பூக்காலத்தைத் தீர்மானிப்பது மழை. ஆகவே பக்கெட்டிலுள்ள மாதத்தைப் பார்க்காதீர்கள்.

தலவாக்கலை, ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை செப்டெம்பரில்தான் தணியும். ஓகஸ்ட் கடைசியில் கூரையடியில் நாற்றுப் போடுங்கள். ஆற்று மணலும் கூட்டெருவும் சரிபாதி போதும். நெருக்கி விதைத்து மாலையில் தண்ணீர் ஊற்றினால், இரவு முழுவதும் ஈரம் நின்று நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாயும். ஐதாக விதைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். நான்கு இலை வந்ததும் 30 செ.மீ. இடைவெளியில் நட்டு, 20 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கொஸ்மஸும் ஒற்றையடுக்குச் செவ்வந்தியும் நவம்பர் கடைசியில் பூக்கத் தொடங்கும். கொஸ்மஸுக்கு மாட்டெரு அதிகம் வேண்டாம். தழை மண்டி, பூ பின்தங்கும்.

ஊவாப் பக்கம் கணக்கு வேறு. பதுளை, பண்டாரவளை, வெலிமடையில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் பெருமழை. அகல விரிந்த பூவில் மழை விழுந்தால் தேன் நீர்த்துப் போகும், மகரந்தம் கரையும். அங்கே சல்வியா, பென்டாஸ் போன்ற குழாய்ப் பூக்களையும், தலைகீழாகத் தொங்கும் பூக்களையும் நம்புங்கள். துளசியை இறவாரத்துக்குக் கீழே சாடியில் வையுங்கள். விதை பிடிக்கும் முன் பூங்கதிரைக் கிள்ளினால் மறுபடி பூக்கும்.

டேலியா கொள்ளையாகப் பூக்கிறது. ஒரு தேனீகூட வருவதில்லையே? (நுவரெலியா)

உங்களுடையது பந்துபோன்ற அடுக்கு டேலியாவாக இருக்கும். தேனும் மகரந்தமும் நடுவிலுள்ள மஞ்சள் சிறுபூக்களில்தான். அடுக்கு வகையில் அவையும் இதழாக மாறிவிடும். மிச்சமிருப்பவையும் இதழ்களுக்குள் புதைந்து கிடக்கும். நடுவில் மஞ்சள் வட்டம் தெளிவாகத் தெரியும் ஒற்றை வகையின் கிழங்கு கேட்டு வாங்குங்கள். செவ்வந்திக்கும் சீனியாவுக்கும் இதே விதிதான்.

ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்றில்லாத இரவில் உறைபனி விழும். பள்ளமான மூலையில்தான் முதலில் கருகும். மாலையில் சாக்கைச் செடியில் ஒட்டாதபடி குச்சி ஊன்றிப் போர்த்து, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். கருகினாலும் பிடுங்காதீர்கள். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டினால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) முன்னால் பூச்செடி வைத்தால் குளவி வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (ஹட்டன்)

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தேயிலை மலையில் கொட்டுப்பட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால், நாம் குளவி என்று சொல்வது பெரும்பாலும் பெரிய மலைத்தேனீயைத்தான். பூவில் தேனெடுக்கும் தேனீயைக் கையால் பிடிக்காதவரை, காலால் மிதிக்காதவரை அது பெரும்பாலும் கொட்டாது. ஆபத்து கூட்டுக்குப் பக்கத்தில்தான். உயர்ந்த மரக்கிளை, பாறை விளிம்பு, பாலத்தின் அடிப்பகுதி ஆகியவையே அது கூடு கட்டும் இடங்கள். பருந்து மோதினாலும், கல் பட்டாலும், புகை போனாலும் கூடு கலையும். ஒன்று கொட்டியதும் எழும் வாசம் மற்றவற்றையும் அங்கேயே இழுத்துவிடும். அதனால் நின்று விசிறக் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள இடத்துக்குள் போக வேண்டும். பிறகு கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

செடியை வாசற்படியிலிருந்து நாலைந்து அடி தள்ளி, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடாத பக்கம் வையுங்கள். அருகே மரத்தில் கூடு இருந்தால் நீங்களாகக் கலைக்காமல் தோட்ட நிர்வாகத்துக்கு அறிவியுங்கள்.

உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறது. வேலிக்கு நடலாமா? (அப்புத்தளை)

வேண்டாம். குருவிகள் பழத்தைத் தின்று காடெல்லாம் பரப்பும். அந்த இடத்தில் பென்டாஸ் நடுங்கள். விரல் நீளத் தண்டு மூன்று வாரத்தில் வேர்விடும்.

காட்டுச் சூரியகாந்தியைப் பசளைக்கு எப்போது வெட்டுவது? (மஸ்கெலியா)

பாதி வரிசையைப் பூக்கும் முன்னும், மீதியைப் பூ வாடி விதை முற்றும் முன்னும் வெட்டுங்கள். தேனீக்கும் பங்கு கிடைக்கும், விதையும் பரவாது.

தேசிக்காய்க் கன்றின் இலையைப் புழு தின்கிறது. மருந்து அடிக்கட்டுமா? (பண்டாரவளை)

பறவை எச்சம் போலிருந்து பிறகு பச்சையாக மாறும் புழு என்றால், அது அழகு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. பூ வைத்தால் வண்ணத்துப்பூச்சி வந்து போகும். இலை கொடுத்தால்தான் இனம் பெருகும். மூன்று அடிக்கு மேல் வளர்ந்த கன்று ஐந்தாறு புழுவைத் தாங்கும். சின்னக் கன்றென்றால் புழுவை எடுத்து வேறு தேசி மரத்தில் விடுங்கள். மண்ணில் போடும் குருணை மருந்து வேண்டவே வேண்டாம்; அது வேர்வழி ஏறிப் பூந்தேனிலும் கலந்துவிடும்.

தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். மார்கழி மழையில் தேனீக்கள் பெட்டியை விட்டுப் போய்விடுகின்றன. (வெலிமடை)

நம் நாட்டுத் தேனீ பட்டினி கிடந்தால் இடம் மாறிவிடும். ஒரு கிலோ சீனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, மாலையில் பெட்டிக்குள்ளேயே ஒரு சிரட்டையில் வையுங்கள். தேனீ மூழ்காமலிருக்க இரண்டு குச்சி போடுங்கள். வெளியே வைத்தால் அயல் கூட்டுத் தேனீக்கள் மணம் பிடித்து வந்து கூட்டையே கொள்ளையிடும். சிந்தினால் துடைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய பாகை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். புளித்தால் தேனீக்களுக்கு வயிற்றோட்டம் வரும். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். பெட்டியையும் அடைகளையும் பற்றி அங்கே நேரில் கேட்கலாம்.