பாமினிக் கோப்பும் விழிப்புலனற்ற மாணவரும்

வணக்கம்.
தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளின் வாழ்வை மாற்றும் என்று யாராவது சொன்னால் நீங்கள் உடனே மறுத்து எழுதுகிறீர்கள். எங்கள் பழைய மாணவர் சங்கம் யாழ்ப்பாணத்தில் உள்ள விழிப்புலனற்ற மாணவர்களுக்கு, புத்தகத்தைப் படம்பிடித்து வாசித்துக்காட்டும் கமராக் கண்ணாடிகள் அனுப்பக் காசு சேர்க்கிறது. ஒன்று ஆயிரம் டொலருக்கு மேல். இதைவிட நேரடியான உதவி வேறு என்ன?
வாசகர் ஒருவர், ரொறொன்ரோ

அன்புள்ள வாசகருக்கு,

காசு கட்ட முன்னர் விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அச்சிட்ட தமிழை அது வாசிக்குமா? தமிழில் பேசுவது வேறு, தமிழ் எழுத்தை அடையாளம் காண்பது வேறு. இணைய இணைப்பு இல்லாமல் வேலை செய்யுமா? பற்றரி பழுதானால் யாழ்ப்பாணத்தில் மாற்றலாமா? ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் அந்தக் கண்ணாடி கெதியில் அலுமாரிக்குள் போய்விடும்.

கருவிகளை நான் மறுக்கவில்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் இல்லாமல் இன்று ஒரு விழிப்புலனற்ற மாணவர் உயர்தரம் படிப்பது எவ்வளவு கடினம் என்பது, விழிப்புலனற்ற பிள்ளைகள் இருக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையையும் சுன்னாகம் வாழ்வகத்தையும் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கருவி ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. கணினிக்கு என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. அதனோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுக் குரல் தமிழ் வாசிக்கும். குரல் இயந்திரம் போல இருந்தாலும் வேகமாகக் கேட்டுப் பழகியவர்கள் அதையே விரும்புவார்கள். விண்டோசின் 'வள்ளுவர்' குரலையும் அதில் தெரிவுசெய்யலாம். அன்ரொயிட் கைத்தொலைபேசியில் ரோக்பாக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. தடை இருப்பது வாசிக்கக் கொடுக்கப்படும் கோப்பில்.

எங்கள் ஊரில் ரியூசன் குறிப்பு, வினாத்தாள், சங்க அறிக்கை, அலுவலகக் கடிதம் என்று எத்தனையோ இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகின்றன. பாமினிக் கோப்புக்குள் தமிழ் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டுகிறது. 'இலங்கை' என்று கண்ணுக்குத் தெரியும் சொல், கோப்புக்குள் காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எவ் என்று கிடக்கிறது. திரைவாசிப்பான் உருவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே கிடப்பதைத்தான் படிக்கும். ஒரு பக்க வரலாற்றுக் குறிப்பு அந்த மாணவரின் காதில் பொருளற்ற ஆங்கில ஒலியாக விழுகிறது. அதே குறிப்பை அச்சடித்து, ஸ்கான் செய்து, பிடிஎவ் ஆக அனுப்பினால் அதுவும் இல்லை. அது வெறும் படம், வாசிப்பான் வெறுமை என்று சொல்லி நின்றுவிடும்.

அப்போது என்ன நடக்கிறது? அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருந்து வாசிக்கிறார்கள். அலுவலகமும் ரியூட்டரியும் மிச்சம்பிடித்த உழைப்பை வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாமல் கொடுக்கிறார்கள். வங்கிக் கடிதமும் மருத்துவ அறிக்கையும்கூட இன்னொருவர் வாயால்தான் வரவேண்டும் என்றால் அந்த இளைஞருக்கென்று ஓர் அந்தரங்கம் ஏது? பிரித்தானியாவில் உடற்குறையுள்ளோர் தாங்களே நடத்திய ஓர் ஒன்றியம் 1976இல் சொன்னது இதைத்தான்: உடலில் உள்ள குறை ஒன்று, அதன்மேல் சமூகம் ஏற்றிவைக்கும் முடக்கம் இன்னொன்று. பிரித்தானியச் சமூகவியலாளர் மைக் ஒலிவர் பின்னர் இதைச் 'சமூக மாதிரி' என்று வளர்த்தார். கண் தெரியாதது உடலின் நிலை. கோப்பு வாசிக்க முடியாதது யாரோ ஒருவர் எழுத்துருப் பட்டியலில் எடுத்த முடிவு. கண்ணாடி வாங்கிக் கொடுப்பவர் அந்த முடிவைத் தொடாமல், அதைச் சமாளிக்கும் பொறுப்பை மாணவரின் மூக்கில் மாட்டிவிடுகிறார். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

மாற்றுவது பெரிய வேலையும் அல்ல. 'தட்டச்சாளர்களின் கை பாமினிக்குப் பழகிவிட்டது' என்பார்கள். அந்தக் கைப்பழக்கத்தை விடவே தேவையில்லை. எகலப்பை, என்எச்எம் ரைற்றர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டும் இலவசம். இரண்டிலும் பாமினி விசைப்பலகை உண்டு. விரல் அதே இடத்தில் விழும், கோப்பில் யூனிகோட் தமிழ் பதியும். யூனிகோட்டில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் அதற்கென்றே குறியீடு உண்டு, திரைவாசிப்பான் அதைத் தமிழாகவே படிக்கும்.

பழைய கோப்புக்குத்தான் பொறுமை வேண்டும். வேர்டில் ஒரு வரியைத் தெரிவுசெய்து எழுத்துருவை ஏரியல் ஆக்குங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் யூனிகோட். ஆங்கிலக் குப்பையாக மாறினால் பாமினியோ அதன் உறவோ. மூலத்தில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும், பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றி மென்பொருளில் போடுங்கள். முழுவதையும் அள்ளிப் போட்டால் எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. இணைய முகவரி 'றறற' என்று தொடங்கி 'உழஅ' என்று முடிவதும், காற்புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் 'இ' நிற்பதும் இதனால்தான். செய்தித் தளங்களில் 'கொழும்புஇ கண்டி' என்று கண்டிருப்பீர்கள். பிறகு தலைப்புகளைத் தடிப்பாக்கி விடாமல் வேர்டின் தலைப்புப் பாணியைக் கொடுங்கள். என்விடிஏயின் உலாவு முறையில் எச் விசையை அழுத்தி மாணவர் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவலாம். வரைபடத்துக்கும் நிலப்படத்துக்கும் பாடம் தெரிந்த ஆசிரியர் விளக்கம் எழுதித்தான் ஆகவேண்டும். அங்கே எந்த மென்பொருளும் போதாது.

அச்சுப் பிரதி மட்டும் இருந்தால் 300 டிபிஐயில் ஸ்கான் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்சில் திறவுங்கள். தெளிவான அச்சு நன்றாக வரும். மங்கிய போட்டோக் கொப்பியும் இரண்டு பத்திப் பக்கமும் காலை வாரும். 'கா' எங்கே, 'கர' எங்கே என்று பார்த்துத் திருத்துங்கள். 'கா'வில் வரும் அரவும் (கால் குறியும்) ரகரமும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இன் அணுகல் ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, கட்டடத்தோடு தகவலையும் சேர்த்தே சொல்கிறது. வாசலில் சாய்தளம் கட்டிய அலுவலகம், உள்ளே கொடுக்கும் படிவத்தையும் வாசிக்கக் கூடியதாகக் கொடுக்க வேண்டும்.

சேர்த்த காசை என்ன செய்வது? முதலில் அந்த மாணவர்களிடமே எந்தப் பாடம் முதலில் வேண்டும் என்று கேளுங்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் உள்ள தட்டச்சாளர் இருவருக்குச் சம்பளம் கொடுத்து, சாதாரண தரக் குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் யூனிகோட்டுக்கு மாற்றுங்கள். மாற்றியதைச் சரிபார்க்க ஒரு விழிப்புலனற்ற பட்டதாரியை, அவருக்கும் சம்பளம் கொடுத்து, அமர்த்துங்கள். பிழையை அவர் காது முதலில் பிடிக்கும். ரொறொன்ரோவில் இருந்தபடியே திருத்த உங்களில் யாராவது முன்வந்தால், கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் வேர்ட் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.