கால்பந்தில், பெனால்டி பெட்டிக்குள் முன்கள வீரரே தடுக்க நிற்கும் டிஃபெண்டரைத் தேடிப்போய் உரசி விழுந்தால் பெனால்டி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அவர் உரசலை விரும்பினாரா என்பது தீர்ப்புக்கு உதவாது. ஃபவுல்களைப் பற்றிப் பேசும் ஆட்ட விதி 12, டிஃபெண்டர் என்ன செய்தார் என்றுதான் கேட்கிறது. எதிராளியை இடறிவிடுவது, உதைப்பது, தள்ளுவது, மேலே மோதுவது, இவற்றில் ஒன்றைக் கவனமில்லாமல் செய்தாலே ஃபவுல். வேண்டுமென்றே செய்திருக்க வேண்டியதில்லை. கால் பட்டதற்காக மட்டும் விசில் ஊதவும் வேண்டியதில்லை.

ஆக, பார்க்க வேண்டியது யார் பாதை மாறினார் என்பதை. ஓடுகிறவரின் கால் அடுத்து இயல்பாக எங்கே ஊன்றும் என்று மனதில் ஒரு கோடு போடுங்கள். டிஃபெண்டரின் கால் அந்தக் கோட்டுக்குள் வந்து, பந்தைத் தொடாமல் ஆளைத் தொட்டால் பெனால்டி. விழுந்தவர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாலும் அதில் மாற்றமில்லை. மாறாக, பந்து நேராகப் போக, முன்கள வீரரின் கால் மட்டும் பக்கவாட்டில் விலகி, அசையாமல் நிற்கும் டிஃபெண்டரின் காலைத் தேடினால், அங்கே டிஃபெண்டர் எந்தத் தவறும் செய்யவில்லை.

உடல் பல சாட்சிகள் சொல்லும். உரசலுக்கு முன்பே முழங்கால் மடிந்துவிட்டதா? பின்னங்கால் புல்லில் இழுபடுகிறதா? இடப்பக்கம் இடிபட்டவர் இடப்பக்கமே சாய்கிறாரா? மேல்சட்டையை லேசாகப் பிடித்ததற்கு முன்பக்கம் பாய்ந்து விழுகிறாரா? இரண்டு கையும் ஒரே நேரத்தில் மேலே போனால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஆனால் இவை குறிப்புகள்தான். நிஜமாகவே இடறப்பட்டவரும் கொஞ்சம் கூட்டி நடிப்பதுண்டு. நடிப்பு ஃபவுலை அழித்துவிடாது.

அதிகம் குழப்புவது இன்னொரு வகை. டிஃபெண்டர் பந்தை வெளியே அடிக்கக் காலை வீசுகிறார். அதே கணத்தில் முன்கள வீரர் குறுக்கே நுழைந்து பந்துக்கும் அந்தக் காலுக்கும் நடுவே தன் உடலை வைக்கிறார். உதை அவர் கெண்டைக்காலில் விழுகிறது. ‘அவர்தானே குறுக்கே வந்தார்’ என்று ரசிகர்கள் கொதிப்பார்கள். பந்தை அவர் முதலில் தொட்டிருந்தாலோ, விளையாடும் தூரத்தில் பந்தை வைத்து மறைத்திருந்தாலோ அந்த இடம் அவருடையது, பெனால்டி. பந்தை விட்டுவிட்டு டிஃபெண்டரின் ஓட்டப் பாதையில் சும்மா காலை வைத்தால் ஃபவுல் அவர் மேல். கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தைத் தட்டிவிட்டு, பிடிக்க முடியாத அந்தப் பந்தை மறந்து, பின்னங்காலைக் கீப்பரின் கைமேல் விட்டுவைப்பவருக்கும் இதே கணக்கு. கீப்பர் கையை இழுத்துக்கொண்டாரா, நீட்டிக்கொண்டே போனாரா என்று பாருங்கள்.

2006 உலகக் கோப்பையில் இத்தாலி–ஆஸ்திரேலியா ஆட்டத்தின் கடைசி நிமிடம் பலருக்கு நினைவிருக்கும். ஆஸ்திரேலியாவின் லூக்காஸ் நீல் சறுக்கி வந்து தரையில் கிடந்தார், இத்தாலியின் குரோஸோ அவர்மேல் இடறி விழுந்தார், டோட்டி பெனால்டியைக் கோலாக்கினார். களத்தில் தன் இடத்தில் இருக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. எதிராளியின் பாதையில் இருப்பதும் பாதைக்குள் நகர்வதும் ஒன்றல்ல என்கிறது விதி. நீல் நகர்ந்து வந்து பாதையை அடைத்தார், பந்தைத் தொடவில்லை. குரோஸோ விலகிப் போயிருக்கலாம் என்பதும் உண்மைதான். என் பார்வையில் பெனால்டி. கொடுக்காமல் விட்டிருந்தாலும் நடுவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

இப்படி இரண்டு பக்கமும் வாதாடக்கூடிய இடத்தில், வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். தெளிவான, கண்கூடான பிழை இருந்தால்தான் அது களத் தீர்ப்பை மாற்றச் சொல்லும். யூரோ 2020 அரையிறுதியில் டென்மார்க்குக்கு எதிராக இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் விழுந்தபோது தொடுதல் மெலிது, ஆனால் தொடுதல் இருந்தது. களத்தில் கொடுத்த பெனால்டி அப்படியே நின்றது. ஸ்லோ மோஷனை எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் பயன்படுத்த வேண்டும். எவ்வளவு வேகமாகப் பட்டது என்பதை இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் சின்ன உரசல்கூடக் கொடூரமாகத் தெரியும்.

தீர்ப்புக்கு இரண்டு கதவுதான் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் நான்கு. டிஃபெண்டர் ஃபவுல் செய்தால் பெனால்டி. எதுவுமே நடக்காமல் ஏமாற்ற விழுந்தால் மஞ்சள் அட்டையும் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக்கும் (நேராகக் கோல் அடிக்க முடியாத உதை). முன்கள வீரரே காலை நீட்டி டிஃபெண்டரை இடறினால் எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக். இருவரும் ஓடினார்கள், மோதிக்கொண்டார்கள், ஒருவர் விழுந்தார், யார் மேலும் தப்பில்லை என்றால் ஆட்டம் தொடரட்டும். இந்தக் கடைசிக் கதவை நடுவர்கள் இன்னும் அதிகமாகத் திறக்கலாம்.

வி.ஏ.ஆர். இல்லாத ஆட்டத்தில் விசில் ஊதுபவர் இருவருக்கும் நேர் பின்னால் ஓடக் கூடாது. கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அங்கிருந்து தெரியாது. பக்கவாட்டுக் கோணம் பிடியுங்கள். ஆள் விழுந்ததும் விசிலை வாய்க்குக் கொண்டுபோகாமல் ஒரு விநாடி தாமதித்து, பந்து எந்தத் திசையில் போயிருக்கிறது என்று பாருங்கள்.