கஞ்சி மாவைத் தஞ்சாவூர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் முன்

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் மகளிர் குழுவாகச் சேர்ந்து மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி மாவு தயாரிக்கிறோம். தவிடு நீக்காத அரிசியையும் பாசிப்பயறையும் வறுத்து, சுக்கு, சீரகம் சேர்த்து அரைக்கிறோம். மூன்றாம் மாதம் சிக்கு வாடை வந்துவிடுகிறது. பாக்கெட்டில் ‘இரும்புச்சத்து நிறைந்தது’, ‘சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது’ என்று போடலாமா? தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் ஆய்வகத்தில் என்ன பரிசோதனை கேட்க வேண்டும், எவ்வளவு மாவு வேண்டும்?

பதில்: புதுக்கோட்டை சாலையில் இருக்கும் அந்த நிறுவனம் 1967-இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. அறுவடை மழையில் நனையும் டெல்டா நெல்லை என்ன செய்வது என்பதுதான் அன்றைய வேலை. ஆக, உங்கள் மாவு அங்கே புதிய சரக்கு அல்ல. ஆனால் ‘எல்லா டெஸ்டும் எடுத்துக் கொடுங்க’ என்று போய் நிற்காதீர்கள், பணம்தான் கரையும். நீங்கள் கேட்டிருப்பவை மூன்று தனித்தனி விஷயங்கள்.

முதலில் சிக்கு வாடை. விற்பனையைக் கெடுப்பது இதுதான். தவிட்டில் எண்ணெயும் இருக்கிறது, அதை உடைக்கும் லைப்பேஸ் நொதியும் இருக்கிறது. முழு அரிசியில் இரண்டும் தனித்தனி அடுக்குகளில் கிடக்கும்; அரைத்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். வறுவல் சீராக இல்லாவிட்டால் நொதி மிச்சமிருந்து எண்ணெயை உடைத்துக்கொண்டே போகும். புழுங்கல் அரிசி என்றால் நெல்லை அவிக்கும்போதே நொதி பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் காற்றுப்பட்டு வரும் சிக்கு அதற்கும் உண்டு, சில சமயம் பச்சரிசியைவிடச் சீக்கிரமாகவே.

எனவே இரண்டு பரிசோதனைகளைச் சேர்த்துக் கேளுங்கள்: தனிக் கொழுப்பு அமில அளவு (நொதி எண்ணெயை எவ்வளவு உடைத்திருக்கிறது என்பது), பெராக்சைடு மதிப்பு (காற்றுப்பட்டு எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது). முதலாவது மட்டும் ஏறினால் கோளாறு வறுவலில். இரண்டாவது ஏறினால் பாக்கெட்டில், அதாவது காற்றும் வெளிச்சமும் உள்ளே போகின்றன. இதில் ஒரு பொறி உண்டு. பெராக்சைடு ஓரளவு ஏறியபின் சிதைந்து தானாகவே இறங்கும். நன்றாகக் கெட்டுப்போன மாவை மட்டும் கொடுத்தால் அளவு குறைவாக வந்து, மாவு நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரே நாளில் அரைத்த ஒரே ஈட்டு மாவை அன்றைக்கும், 30, 60, 90-ஆம் நாட்களிலும் கொடுத்தால்தான் கதை முழுதாகத் தெரியும். மாவில் கொழுப்பு 100 கிராமுக்கு மூன்று கிராம் அளவில்தான் இருக்கும், அதிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறைக்கும் 300 கிராமாவது தேவைப்படும். பெராக்சைடுக்குச் சூடாக்காமல் எண்ணெய் பிரிக்கச் சொல்லுங்கள். சூடே அளவை மாற்றிவிடும்.

மூன்று மாதம் பொறுக்க முடியாதென்றால் 38 டிகிரி செல்சியஸ், 90 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து விரைவுச் சோதனை செய்யலாம். ஆனால் கடையில் தொங்கப்போகும் அதே பாக்கெட்டில் வைத்தால்தான் அதற்கு அர்த்தம். எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனால் டப்பாவின் ஆயுள்தான் தெரியும்.

அடுத்து லேபிள். 100 கிராமுக்கு ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைகொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் ஆகியவை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கேட்கும் ஊட்டச்சத்து விவரம். புரதத்தை ஆய்வகம் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது: அரிசிக்கு 5.95, பொதுவாக 6.25. நைட்ரஜன் 1.6 சதவீதம் என்றால் ஒன்றில் 9.5 கிராம், மற்றதில் 10 கிராம். இரண்டு ஆய்வக அறிக்கைகள் ஒத்துப்போகவில்லை என்று சண்டைக்குப் போகுமுன் இந்த எண்ணைப் பாருங்கள். ஈரப்பதமும் இதே வேலையைச் செய்யும். 8 சதவீத ஈரத்தில் 10 கிராம் புரதம் காட்டும் மாவு, ஐப்பசி மழையில் 13 சதவீதத்துக்கு ஏறினால் 9.5 கிராம்தான் காட்டும்.

‘இரும்புச்சத்து நிறைந்தது’ என்று போட, ஒரு நாள் தேவையில் 30 சதவீதம் 100 கிராம் மாவில் இருக்க வேண்டும். ‘இரும்புச்சத்து உள்ளது’ என்பதற்கு 15 சதவீதம் போதும். மில்லில் புதிதாகப் பல் கொத்திய இரும்புத் தட்டில் அரைத்த மாவில் தட்டின் தேய்மானமும் கலந்து அளவை ஏற்றிவிடும். அது அரிசியின் இரும்பு அல்ல. அடுத்த ஈட்டில் அந்த எண் வரவே வராது. மாவைப் பரப்பிக் காந்தத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கரும்பொடி ஒட்டினால் முதலில் மில்லைக் கவனியுங்கள்.

சர்க்கரை நோய் வாசகத்தை விட்டுவிடுங்கள். நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்ற பொருள்படும் எதையும் லேபிளில் போட முடியாது. ‘குறைந்த கிளைசெமிக் குறியீடு’ (சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதன் அளவு) என்று போடவும் 55-க்குள் வந்ததாக மனிதர்களிடம் செய்த சோதனை வேண்டும்: 50 கிராம் செரிக்கும் மாவுச்சத்தைச் சாப்பிடக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளப்பது, குறைந்தது பத்துப் பேர், நெறிமுறைக் குழு அனுமதி. இரைப்பை, சிறுகுடலைப் போலவே இயங்கும் ஆய்வுக் கருவி நிஃப்டெமில் உண்டு. பயறு கூட்டினால் மாவுச்சத்து செரிக்கும் வேகம் குறைகிறதா என்று இரண்டு கலவைகளை ஒப்பிட அது அருமையான வசதி. ஆனால் அந்த எண்ணை லேபிளில் அச்சடிக்க முடியாது.

மாதிரி எடுப்பதில்தான் பாதி அறிக்கைகள் பாழாகின்றன. ஒரு மூட்டையின் வாயிலிருந்து அள்ளாதீர்கள். பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்து, தார்ப்பாயில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி பிரித்து ஒரு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஊட்டச்சத்துக்கு அது போதும். அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு மூட்டையில் அங்கங்கே திட்டாக இருக்கும் என்பதால் அதற்குத் தனியாக இன்னொரு கிலோ. கிருமிச் சோதனைக்குத் திறக்காத பாக்கெட்டுகளாகவே கொடுக்க வேண்டும். கலந்த மாவு உதவாது. அதே மாதிரியில் அரைக் கிலோவைச் சீல் வைத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் சந்தேகம் வந்தால் தேவைப்படும்.

பணம் கட்டுமுன், நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பரிசோதனையும் உங்கள் வகை உணவுக்கு ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, பரிசோதனை வாரியாகக் கிடைப்பது. அறிக்கை வந்ததும் ஆய்வகத்தின் பெயரையோ என்ஏபிஎல் முத்திரையையோ பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டாம். கொடுத்த மாதிரிக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கும். வறுவலைச் சீராக்க இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அது பரிசோதனைப் பிரிவின் வேலை அல்ல. அதே வளாகத்தில் உள்ள தொழில் ஊக்குவிப்பு மையத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். அங்கே வறுத்த ஈட்டையும் உங்கள் அடுப்பில் வறுத்த ஈட்டையும் 90 நாள் சோதனைக்கு ஒன்றாகவே கொடுங்கள்.