ஓமானில் நாலு நாள்: வெள்ளிக்கிழமையை முதல்ல பாருங்க

தம்பி, துபாய்க்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, டிசம்பர்ல நாலு நாள் ஓமான் பார்க்கணும், மனைவியும் அஞ்சு வயசுப் பையனும் கூட வர்றாங்க, சொந்தக் கார் இருக்கு, மஸ்கட், சலாலா, முசண்டம் மூணையும் ஒரே மூச்சுல முடிச்சிடலாமான்னு கேட்டிருந்தீங்க.

முடியாது. மஸ்கட்லேர்ந்து சலாலா ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். அதுல பெரும்பகுதி பொட்டல். பின்சீட்டுல உட்கார்ற பையனுக்கு அது தண்டனை. முசண்டம் ஓமான் மண்தான், ஆனா நடுவுல எமிரேட்ஸ் புகுந்து அதைத் தனியா வெட்டி வச்சிருக்கு. அதுக்கு ராசல் கைமா வழியா இன்னொரு வாரக் கடைசியில போய்க்கலாம். இந்த நாலு நாளுக்கு நிஸ்வா, பிதியா ஊருக்குப் பக்கத்துப் பாலைவன மணல், கடைசியா மஸ்கட். இது போதும். மஸ்கட்டில் ரொம்ப வருஷமா குடித்தனம் பண்றவ சொல்றேன், ஓமானோட அழகு ஊர் ஊரா ஓடிப் பார்க்கிறதுல இல்ல.

கிழமைக்கு வருவோம். எமிரேட்ஸ்ல 2022 ஜனவரியிலிருந்து சனி ஞாயிறுதான் லீவு. இங்க இன்னும் வெள்ளியும் சனியும்தான். உங்களுக்கு இது சாதகம். வியாழன், வெள்ளி ரெண்டு நாள் மட்டும் லீவு போடுங்க. வியாழன் காலையில கிளம்பி, அல் ஐன் தாண்டி மெஸ்யாத் பார்டர், இப்ரி, பஹ்லா வழியா நிஸ்வா. பார்டர்ல நிக்கிற நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரம் வச்சுக்கோங்க. முல்கியாவோட (காரோட பதிவு அட்டை), ஓமானுக்கும் செல்லுபடியாகுற இன்சூரன்ஸ் கையில இருக்கணும். ஆரஞ்சு கார்டுன்னு கேட்டா உங்க இன்சூரன்ஸ்காரங்களுக்கே தெரியும். விசாவுக்கு ராயல் ஓமன் போலீஸோட இ-விசா தளத்துல ஜிசிசியில, அதாவது வளைகுடாக் கூட்டமைப்பு நாடுகள்ல, குடியிருக்கிறவங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. ஏஜென்ட் சொல்றதை நம்பாம அங்கேயே படிச்சுப் பாருங்க. பாஸ்போர்ட்டுல ஆறு மாசம் பாக்கி இருக்கணும், மனைவி, பையன் ரெசிடென்ஸ் தேதியையும் பார்த்துடுங்க.

வெள்ளிக்கிழமை விடியறப்பவே எழுந்திருங்க. நிஸ்வா கோட்டைக்குப் பக்கத்துலயே ஆட்டுச் சந்தை. வட்டமா ஒரு பாதை. விக்கிறவங்க ஆட்டைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு, விலையைக் கத்திக்கிட்டே சுத்திச் சுத்தி வருவாங்க. வாங்கறவங்க உள்வட்டத்துலயும் வெளிவட்டத்துலயும் உட்கார்ந்திருப்பாங்க. பிடிச்ச ஆடு பக்கத்துல வந்ததும் கைகாட்டி நிறுத்தி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, முதுகை அமுக்கிப் பார்த்து, தலையை ஆட்டி விட்டுடுவாங்க. ஆடு மறுபடி ஊர்வலம். இடுப்புல கஞ்சர்ங்கிற வளைஞ்ச கத்தி செருகின கிழவர்கள், முகமூடி போட்ட பதூ (பாலைவன நாடோடி இன) பெண்கள்னு எல்லாரும் அவங்க வேலையில இருப்பாங்க, உங்களை யாரும் கண்டுக்க மாட்டாங்க. பெண்களைப் படம் எடுக்காதீங்க. ஒன்பது மணிக்கு மேல போனா புழுக்கையைத்தான் பார்க்கணும்.

அப்புறம் கோட்டை. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், அந்தப் பெரிய வட்டக் கோபுரத்து உச்சியிலேர்ந்து பேரீச்சந்தோப்பு மொத்தமும் தெரியும். பதினொண்ணரைக்குள்ள சாப்பாட்டை வாங்கிடுங்க. ஜும்ஆ தொழுகைக்காக ஊரே கதவைச் சாத்தும், ரெண்டு மணி வரைக்கும் தண்ணி பாட்டில்கூட கிடைக்கறது கஷ்டம்.

அந்த நேரத்தை பிர்கத் அல் மௌஸ்ல கழிக்கலாம், போற வழிதான். அங்க ஃபலஜ் அல் கத்மைன் இருக்கு. மலையடியிலேர்ந்து நிலத்தடி நீரைச் சரிவு பார்த்துக் கால்வாய்ல கொண்டு வர்ற ஏற்பாடுதான் ஃபலஜ். ஓமானோட அஞ்சு ஃபலஜ்களை 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க, அதுல இது ஒண்ணு. ஓரிடத்துல தண்ணி சமமா மூணு வாய்க்காலாப் பிரியும். ஒவ்வொருத்தர் தோட்டத்துக்கும் முறை வச்சு, நேரக்கணக்குலதான் பங்கு; பகல்ல நிழலை அளந்தும், ராத்திரி நட்சத்திரத்தைப் பார்த்தும் கணக்கு வச்சவங்க. பக்கத்துல வாழைத் தோப்பு. பையன் காலை நனைச்சுக்கட்டும். மேலே ஜெபல் அக்தருக்கு ஏற ஆசைப்படாதீங்க. செக்போஸ்ட்ல ஃபோர்வீல் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிடுவாங்க.

சாயங்காலம் பிதியா. உங்க காரை மணல்ல இறக்கக் கூடாது. காரை ஊருக்குள்ள விட்டுட்டா கேம்ப்காரங்க அவங்க வண்டியில கூட்டிட்டுப் போவாங்க; புக் பண்ணும்போதே பேசி வச்சிடுங்க. ரெண்டே கேள்வி கேளுங்க: ராத்திரி பாட்டுப் போடுவாங்களா, ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிக்கும்? இந்த ரெண்டும் சரியில்லன்னா இவ்வளவு தூரம் வந்ததே வீண். நல்ல கேம்ப்பா அமைஞ்சா, இருட்டினதும் மணல் மேல்பக்கம் சில்லுன்னு இருக்கும், கையை உள்ளே விட்டா வெதுவெதுப்பா இருக்கும். ஸ்வெட்டர் அவசியம். பாலைவனத்துக்கு ஸ்வெட்டரான்னு உங்க மனைவி சிரிப்பாங்க, விடியக்காலையில அவங்கதான் முதல்ல தேடுவாங்க.

சனிக்கிழமை நிதானமா மஸ்கட். முத்ரா கடற்கரைச் சாலை, அங்க இருக்கிற சூக் (பழைய கடைத்தெரு), அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: மலையில மழைன்னு செய்தி வந்தா வாதி, அதாவது காட்டாத்துப் படுகை, பக்கமே போகாதீங்க. தலைக்கு மேல வெயில் அடிச்சிக்கிட்டிருக்கும்போதே வறண்டு கிடந்த படுகையில வெள்ளம் வந்து நிக்கும். ஓடுற தண்ணியில வண்டியை இறக்கினா ஜெயில் வரைக்கும் போகும்.

சுல்தான் கபூஸ் பெரிய பள்ளிவாசலை ஞாயிறுக்கு வையுங்க. முஸ்லிம் அல்லாதவங்களுக்குக் காலை 8லேர்ந்து 11 வரைதான், வெள்ளிக்கிழமை கிடையாது. உங்க மனைவிக்கு முழுக்கை, கணுக்கால் வரை உடை, தலைக்குத் துப்பட்டா. உங்களுக்கு முழுக்கால் பேன்ட். உள்ளே விரிச்சிருக்கிற ஒற்றைக் கம்பளம் 21 டன், ஈரான் பெண்கள் கையால நெய்தது.

பணத்துல மட்டும் கவனம். ஒரு ரியால் ஏறக்குறைய ஒன்பதரை திர்ஹம், ஒரு ரியாலுக்கு 1,000 பைசா. சூக்ல "பத்துதான்"னு சொன்னா திர்ஹம் நினைப்புல தலையாட்டிடாதீங்க. பள்ளிவாசல்லேர்ந்து பதினொரு மணிக்குக் கிளம்பினா சொஹார், ஹத்தா வழியா பையன் தூங்குறதுக்குள்ள வீடு சேரலாம்.