பெட்ரோல் விலை ஏறினா போட் நிக்குமா?

கேள்வி: பெட்ரோல் விலை ஏறினா, ஜாலிக்காக போட் வச்சிருக்கறவங்க அத வித்துடுவாங்களா?

பதில்: உடனே விக்கிறவங்க கம்மிங்க. நிறுத்துற வாடகை, இன்சூரன்ஸ், மெயின்டனன்ஸ் எல்லாம் போட் ஓடினாலும் ஓடாட்டியும் குடுத்தே ஆகணும், நம்ம இஷ்டத்துக்கு குறைக்க முடியறது பெட்ரோல் ஒண்ணுதான், அதனால மொதல்ல அங்கதான் கை வைப்பாங்க. தூரத்து தீவுக்கு பறந்தவங்க பக்கத்துலயே நங்கூரத்த போட்டுட்டு நீச்சல், தூண்டில், சாப்பாடுன்னு பொழுத ஓட்டுவாங்க, ரெண்டு மூணு குடும்பம் ஒரே போட்ல ஏறி செலவ பங்கு போட்டுக்கும்.

ஆனா நிஜமான மிச்சம் தூரத்துல இல்ல, வேகத்துல. 150 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின ஃபுல்லா முறுக்கினா மணிக்கு 50 லிட்டருக்கு மேல குடிக்கும், அதே இன்ஜின் மெதுவா ஊர்ந்தா சில லிட்டரோட முடிஞ்சிரும். அதுக்காக பாதி வேகத்துல போனா பாதி செலவுன்னு கணக்கு போடாதீங்க, நெறைய பேர் ஏமாறுற எடமே இதுதான்! ஸ்பீட் போட்டோட அடிப்பாகம் தண்ணிய பிளந்துகிட்டு மெதுவா போகணும், இல்லேன்னா தண்ணி மேல ஏறி வழுக்கணும். ரெண்டுக்கும் நடுவுல மூக்கு மேல தூக்கிகிட்டு, பின்னாடி பெரிய அலைய இழுத்துகிட்டு போகுது பாருங்க, அப்பதான் கிலோமீட்டர் கணக்குல பார்த்தா செலவு எக்கச்சக்கம். ஒண்ணு நல்லா மெதுவா போங்க, இல்ல ஏறி வழுக்க ஆரம்பிச்சதும் த்ராட்டில, அதான் வேகம் கூட்டுற கைப்பிடிய, கொஞ்சம் இறக்கி அப்படியே புடிங்க.

கேள்வி: டேங்க்க நெரப்பாம கம்மியா ஊத்திகிட்டு போனா வெயிட் குறைஞ்சு மிச்சமாகுமா?

பதில்: ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான். 100 லிட்டர் குறைச்சாலும் ஒரு ஆள் வெயிட்டுதாங்க இறங்கும், இதுக்காக நடுத்தண்ணில நிக்கணுமா? போக மூணுல ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு கையிருப்புன்னு அனுபவஸ்தங்க வச்சிருக்கற கணக்க விலை ஏறிடுச்சேன்னு மட்டும் குறைச்சுடாதீங்க, எதிர்க்காத்து அடிச்சா வர்றதுக்கு கூடவே குடிக்கும். வெயிட்ட குறைக்கணும்னா உள்ள சும்மா கெடக்கற பழைய சாமானத்த எடுத்து வெளிய போடுங்க, அப்படியே அடியில ஒட்டியிருக்கற பாசியையும் சிப்பியையும் சுரண்டி விடுங்க, அது பண்ற இழுவைக்கே தனியா பெட்ரோல் போகுது.